பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட தண்ணீர்

சிவகிரியிலிருந்து வந்தவர்கள் தண்ணீர் கேட்பார்களா, மாட்டார்களா? அன்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அதே பயம்தான். எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள், பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். அதுவரை சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். என் அத்தையை, அப்பாவின் தங்கையை, அதற்குமுன் பார்க்க வந்தவர்கள் எல்லாம் உதடு காய்ந்தபடியே எழுந்து போயிருந்தார்கள். சங்கரன்கோவில் வெயிலில் அதற்கும் ஒரு வைராக்கியம் வேண்டும்!

எனக்கோ வேறு பயம். நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்திருந்தேன். மண்ணும் காற்றும் தண்ணீரும் எப்படிக் கெடுகின்றன என்று படம் போட்டு விளக்கியிருந்தது. கழிவுத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, கிணற்றுக்குப் போய், அங்கிருந்து மனிதன் வயிற்றுக்குப் போகிற படம் ஒன்று. எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பாவின் சாயப்பட்டறை. தறிகளுக்குப் போகும் நூலை நனைத்து முடித்த தண்ணீர் ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் பச்சையாகவும் ஓடிவந்து எங்கள் கிணற்றடியில்தான் தேங்கும். நாங்கள் குடிப்பதும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான். படித்த நாளிலிருந்து நான் பள்ளிக்கூடக் குழாயில் மட்டுமே குடித்தேன். ஐந்தாம் வகுப்பிலேயே உலகத்தைக் காப்பாற்றப் பிறந்தவள் என்று ஒரு நினைப்பு.

மாப்பிள்ளையின் அம்மா அத்தையை மேலும் கீழும் பார்த்தாள். அப்பா வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தம்மா வாயைத் திறந்தாள்.

"சரி அண்ணாச்சி, குடிக்கத் தண்ணி குடுங்க."

அம்மா செம்பை நீட்டிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தம்மா அதை வாய்க்குக் கொண்டுபோனபோது நான் கத்திவிட்டேன்.

"குடிக்காதீங்க! சாயத் தண்ணி! செத்துப் போவீங்க!"

செம்பு பாதியில் நின்றது. அத்தையின் முகம் வெளுத்துப்போனது.

"என்னட்டி சொல்லுதே?" என்றாள் அந்தம்மா.

அப்பா சிரித்தார். "புஸ்தகத்தைப் படிச்சிட்டு உளறுதா மதினி. இங்கன குடுங்க" என்று செம்பை வாங்கி, எல்லோரும் பார்க்க அண்ணாந்து முழுவதையும் குடித்தார். அவர் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்து எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா இன்னொரு செம்பு கொண்டுவந்தாள். அந்தம்மா குடித்தாள். கல்யாணம் நிச்சயமாயிற்று.

அம்மா போட்ட அடி எனக்கு உறைக்கவே இல்லை. அப்பா தினமும் குடிக்கிற தண்ணீர்தான்; ஆனால் ஒரு செம்பு முழுவதையும் ஒரே மூச்சில் குடித்து நான் பார்த்தது அன்றுதான். எந்த நேரமும் விழுந்துவிடுவார் என்று அவர் பின்னாலேயே சுற்றினேன். "என்னட்டி இப்படி முழிக்கே?" என்று சிரித்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். மறுநாள் காலையில் அவர் பாட்டுக்குப் பல் தேய்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அப்படியொரு சந்தோஷம்! கூடவே ஆத்திரம். பொய்ப் புத்தகம்! அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு பேய்க்கதை எடுத்துவந்தேன். பழையபடி கிணற்றுத் தண்ணீரையே குடித்தேன்.

நான் கல்லூரி முடித்த வருஷம் அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார்.

அப்படிப்பட்ட தண்ணீர் மெல்லக் கொல்லும் என்றுதான் அந்தப் புத்தகத்தில் போட்டிருந்தது. மெல்ல என்றால் எத்தனை வருஷம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.