லோடு ஏத்தியாச்சு

அருணாதேவியைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தெரியவில்லை. அவளுக்கு நான் செய்த ஒரே உதவி, வாயை மூடிக்கொண்டு இரு என்று சொன்னதுதான். எட்டு மாதம் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருந்த எங்கள் கல்லூரி அலுவலகத்தில் நான் தபால் பிரிவு, அவள் கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஓடினால் மட்டும் போதும் என்று நாங்கள் விட்டுவைத்திருந்த ஒரு ஃபேன். அவளுக்குச் சொந்த ஊர் ஆமத்தூர். அப்பா அம்மா இருவருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. வீட்டில் பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றிக்கொண்டே படித்துப் பட்டம் வாங்கி, கம்ப்யூட்டர் டிப்ளமோவும் முடித்து, 2000-ல் எங்களிடம் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்தாள். ஒவ்வொரு மார்ச் முப்பத்தொன்றாம் தேதியும் ஒப்பந்தம் முடியும். ஏப்ரலில் அதே வரிகளைப் புதுத் தாளில் அடித்துக் கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாளை அடிப்பவளும் அவளேதான். அடுத்த வருஷம் நிரந்தரமாக்கிவிடுவோம் என்று எட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2008-ல் எங்கள் நிர்வாகத்துக்குப் பல்கலைக்கழக ஆசை வந்துவிட்டது. நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக்கக் கேட்டு டெல்லிக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். பார்வையிட வருகிற குழுவிடம், எங்கள் பதிவேடெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். சென்னையில் இருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்து கூட்டம் போட்டார். இனி பேப்பரே வேண்டாம், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இன்டர்நெட் வழியாக எங்கள் சர்வருக்கு அனுப்பிவிட்டால் எந்த ஊரில் இருந்தும் பார்க்கலாம், இதற்குப் பெயர் கிளவுட், அதாவது மேகம் என்றார். மழைக்கே மேகம் வராத ஊரில் மேகத்தை நம்பச் சொல்கிறாரே என்று நான் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அருணா சிரிக்கவில்லை. அத்தனை பதிவேட்டையும் ஸ்கேன் செய்யப் போகிறவள் அவள்.

1964-ல் இருந்து சேர்க்கைப் பதிவேடுகள். ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். பக்கத்தை விரித்து, முதுகை அமுக்கி, ஸ்கேனர் மேல் கவிழ்த்து, ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறு கையால் பட்டனைத் தட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இருநூறு பக்கம். அந்த வருஷம் மின்வெட்டு வேறு. எப்போது போகும், எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. சாயங்காலம் அவள் வலது தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பதைப் பார்ப்பேன். ஏன் தாயி, ஆஸ்பத்திரியில் காட்டக் கூடாதா என்று கேட்டால், குழு வந்து போகட்டும் அண்ணே, நிரந்தர லிஸ்டில் இந்தத் தடவை என் பேரும் இருக்காம் என்பாள்.

எங்கள் கண்காணிப்பாளர் சீனிவாசகம் கெட்டவர் இல்லை. பதினெட்டு வருஷம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்தவர். நிர்வாகம் அவரை அங்கிருந்துதான் கூட்டி வந்தது. அப்லோடு என்ற வார்த்தை அவர் வாயில் முதல் நாளே லோடு ஆகிவிட்டது. தினமும் மாடிப்படிக்குக் கீழே குனிந்து, இன்றைக்கு எத்தனை லோடு என்று கேட்பார். நாங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டோம். பிரின்ஸ்பல்கூட ஒரு சுற்றறிக்கையில் லோடு என்றே எழுதினார்.

பட்டாசுக் கம்பெனியில் லோடு என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாரியில் சரக்கு ஏறிவிட்டால் அன்றைக்கே குடோனைப் பெருக்கித் துடைத்துவிட வேண்டும். மிச்சம் மீதி எதையும் வைக்கக் கூடாது. வைத்தால் உயிருக்கு ஆபத்து. பதினெட்டு வருஷம் அந்தப் பயத்தோடு வாழ்ந்தவர் சீனிவாசகம்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள். அருணா 1993-ஆம் வருஷப் பதிவேட்டை ஸ்கேன் செய்து முடித்து, சென்னைக்கு அனுப்பத் தொடங்கியிருந்தாள். திரையில் பச்சைக் கோடு கால்வாசிகூட நகரவில்லை. அந்தப் பக்கம் போன சீனிவாசகம் கேட்டார்.

"லோடு ஏத்தியாச்சாம்மா?"

"ஏத்தியாச்சு சார்."

அவள் சொன்னது, அனுப்பப் போட்டுவிட்டேன் என்ற அர்த்தத்தில். அவர் காதில் விழுந்தது, லாரி புறப்பட்டுவிட்டது என்று. பத்து நிமிஷத்தில் கரண்ட் போனது. கம்ப்யூட்டர் அணைந்தது, அணைந்ததோடு சரி, மறுபடி கிளம்பவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு அவள் டவுனுக்கு ரிப்பேருக்குப் போனாள். மத்தியானம் மூன்று மணிக்கு, சீனிவாசகம் கூப்பிட்டிருந்த பழைய பேப்பர் எடுக்கிற மினி லாரி வாசலில் வந்து நின்றது. அதுவரை அனுப்பி முடித்திருந்த இருபத்தொன்பது வருஷப் பதிவேடுகளோடு 1993-ம் போனது. கயிறு கட்டிக்கொடுத்தவன் நான்தான்.

மறுநாள் காலையில் அவள் என் மேஜைக்கு வந்தாள். ரிப்பேரில் பழைய ஸ்கேன் எல்லாம் அழிந்துவிட்டது. சென்னை சர்வரில் 1993 என்று ஒரு ஃபோல்டர் இருந்தது, திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. சார்கிட்ட சொல்லிடட்டுமா அண்ணே என்று கேட்டாள். நான் சுற்றிலும் பார்த்துவிட்டு, இப்போது எதற்குச் சொல்ல வேண்டும், 93-ல் சேர்ந்தவன் எவன் இனி இங்கே வரப்போகிறான், லிஸ்ட் ரெடியாகிற நேரத்தில் நீயே போய்த் தலையைக் கொடுக்காதே என்றேன். நல்லது செய்கிறதாக நினைத்துத்தான் சொன்னேன்.

ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் திருத்தங்கல்லில் பேப்பர் குடோனைத் தேடிப் போயிருக்கிறாள். பழைய பேப்பர் அங்கே வெட்டுப்பட்டு, கட்டுக் கட்டாகக் குழாய் சுற்றும் வீடுகளுக்குப் போகும். வெட்டி ஊர் ஊராக அனுப்பியாச்சும்மா என்று சொல்லிவிட்டார்கள். ஆமத்தூரில் அவள் தெருவுக்கும் கட்டுகள் வரும். தன் வீட்டில், பக்கத்து வீடுகளில், சித்தி வீட்டில், வந்த கட்டுகளையெல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். பரீட்சைப் பேப்பர் வந்தது, பள்ளிக்கூட நோட்டு வந்தது. எங்கள் பதிவேடு வரவில்லை. தீபாவளியும் வந்து போய்விட்டது. அதோடு தேடுவதை விட்டுவிட்டாள். முப்பது வயதில் அவளுக்கு முன்னந்தலை நரைத்தது அந்த வருஷத்தில்தான்.

2009 பிப்ரவரியில் முருகம்மாள் வந்தாள். ஊர் எம். புதுப்பட்டிப் பக்கம், தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. எங்களிடம் 1993-ல் சேர்ந்து பி.ஏ. முடித்தவள். பதிமூன்று வருஷம் காத்திருந்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்து ஓர் அரசு வேலைக்குக் கடிதம் வந்திருக்கிறது. வியாழக்கிழமை சூலக்கரையில் சான்றிதழ் சரிபார்ப்பு. மற்றதெல்லாம் இருக்கிறது, டி.சி.யை மட்டும் கரையான் தின்றுவிட்டது. நகல் வேண்டும். இந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது.

சீனிவாசகம் சிஸ்டத்தில் தேடச் சொன்னார். அருணா தேடினாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இல்லை சார் என்றாள். சீனிவாசகம் நேர்மையான மனிதர், அதுதான் தொல்லை. சிஸ்டத்தில் இல்லை என்றால் இல்லைதான், மார்க் லிஸ்டை யார் வேண்டுமானாலும் அடித்துக் கொண்டு வரலாம், நம் லோடில் தப்பு வராது, இந்தப் பெயரில் இங்கே யாரும் படித்ததாகப் பதிவில் இல்லை என்று எழுதிக்கொடுங்கள் என்றார். அந்தக் கடிதத்தோடு சரிபார்ப்புக்குப் போனால் வேலை போவது மட்டுமில்லை, போலி என்று வழக்கே போடுவார்கள். முருகம்மாளுக்கு அது புரிந்தது. அவள் சண்டை போடவில்லை. நடையில் உட்கார்ந்து, தனக்குப் பாடம் எடுத்த வாத்தியார்கள் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாரும் ரிட்டயராகிப் போனவர்கள். முதல் வருஷம் எந்த அறையில் உட்கார்ந்தாள், எந்த ஜன்னலுக்குக் கதவில்லை என்றுகூடச் சொன்னாள்.

அந்தக் கடிதத்தை அடிக்க வேண்டியவள் அருணா. கால் மணி நேரம் ஆகியும் மாடிப்படிக்குக் கீழே இருந்து தட்டச்சுச் சத்தம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கையால் எழுதிக்கொண்டிருந்தாள். 1993 பதிவேட்டை நான்தான் சரியாக அனுப்பாமல் அனுப்பியதாகச் சொன்னேன், மறுநாளே தெரிந்தும் சொல்லவில்லை, அதில் இருந்த மாணவர் எவர் மீதும் தவறில்லை. கீழே பெயர், தேதி.

நான் தாளின் மேல் கையை வைத்தேன். லிஸ்ட் பிரின்ஸ்பல் மேஜையில் இருக்கிறது தாயி, இன்னும் ஒன்றரை மாதம் பொறுத்துக்கொள் என்றேன். வேறு வழி ஏதாவது செய்வோம் என்றும் சொன்னேன்.

"அண்ணே, கைய எடுங்க. எனக்கு அலுத்துப் போச்சு. அந்தப் புள்ள படிக்கலன்னு எங்கையால அடிக்கச் சொல்றீகளா?"

எடுத்தேன்.

சீனிவாசகம் அதை இரண்டு தடவை படித்தார். ஏத்தியாச்சுன்னு சொன்னியேம்மா என்று மட்டும் கேட்டார். கோபத்தைவிட அந்தக் குரலில் இருந்த ஏமாற்றத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பேப்பர் லாரியைக் கூப்பிட்டவர் அவர், கட்டுக் கட்டியவன் நான், வாயை மூடச் சொன்னவனும் நான். அந்தத் தாளில் எங்கள் இருவர் பெயரும் இல்லை. நானும் உள்ளே போய் என் பெயரைச் சொல்லவில்லை. எனக்குப் பென்ஷனுக்கு ஆறு வருஷம் இருந்தது.

பிரின்ஸ்பல் அவளுடைய கடிதத்தை ஆதாரமாக வைத்து, பதிவேடு எங்கள் ஊழியரின் கவனக்குறைவால் தொலைந்தது, இவர் இங்கே படித்தவரே என்று பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலைக் காட்டிச் சான்று கொடுத்தார். முருகம்மாள் அதை வாங்கி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அது யாரால் கிடைத்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சிஸ்டத்தில் தேடிப் பார்த்த மேடம் என்றுதான் அவளுக்கு அருணாவைத் தெரியும்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி வந்தது. அந்தத் தடவை ஏப்ரல் தாளை யாரும் அடிக்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்ற கடிதத்தைத் தபால் புத்தகத்தில் பதிந்து, கையெழுத்து வாங்கி அவளிடம் கொடுத்தவன் நான். கையெழுத்துப் போட்டுவிட்டு, இந்த ஃபேனை மாத்தச் சொல்லுங்கண்ணே, அடுத்து வர்றவுகளுக்காவது காத்து வரட்டும் என்றாள். இப்போது ஆமத்தூரில் அம்மாவோடு உட்கார்ந்து குழாய் சுற்றுகிறாள் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

ஜூலையில் முருகம்மாள் வந்தாள். புதுச்சேலை, கையில் சாத்தூர் காராச்சேவு. வேலை கிடைத்துவிட்டது, ஆர்டர் வந்துவிட்டது என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். சீனிவாசகம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாழ்த்தினார். பிறகு மாடிப்படிக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அந்த மேடம் எங்க சார்?"

மாற்றலாகிப் போய்விட்டார் என்றேன். ஒப்பந்த ஊழியருக்கு மாற்றல் ஏது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

"நல்ல எடந்தானா சார்?"

"நல்ல எடந்தாம்மா" என்றேன்.