ரங்கையாவின் கோப்பில் இருந்த சீட்டு

சத்தியவேடு பக்கத்துச் செங்கம்மாவுக்கு அறுபத்தேழு வயது. தாலி ஏறாத கழுத்து. அதை ஊர் குறையாகப் பேசிய காலம் போய், சட்டம் தகுதியாகப் பேசும் காலம் வந்துவிட்டது. தியாகியின் மணமாகாத மகளுக்குப் பென்ஷன் உண்டு. ஆனால் அவள் அப்பா தணிகாசலம் தியாகிதானா என்பதிலேயே வழக்கு நாற்பது வருடமாக நின்றது. அந்த வழக்குக்கு அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய்க் கூட்டி வந்ததில்தான் அவள் கல்யாண வயதும் போனது.

நாற்பத்திரண்டு போராட்டத்தில் தந்திக் கம்பியை அறுத்து, வேலூர் ஜெயிலில் எட்டு மாதம் கிடந்தவர் தணிகாசலம். விடுதலைச் சீட்டைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். எண்பத்தொன்றில் ஊரே பென்ஷனுக்கு மனுப் போட்டபோது, பங்காளி ரங்கையா வந்து கையைப் பிடித்தான். அவன் ஜெயில் வாசலைக்கூடப் பார்த்தவனில்லை.

"நாலு பொட்டப் புள்ளைங்கள வச்சிக்கினு கீறேண்ணா. கூட இருந்தேன்னு ஒரு கையெழுத்து போடு."

போட்டார். சான்று தருபவர் ஜெயிலில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டுமென்றதும் அசல் சீட்டையே எடுத்துக் கொடுத்தார். நகல் எடுக்கும் மெஷின் ஊரில் அப்போது ஏது?

ரங்கையாவுக்குப் பென்ஷன் வந்தது. தணிகாசலத்தின் மனு ஆதாரமில்லை என்று திரும்பியது. சீட்டைக் கேட்கப் போனவரை ரங்கையா வாசலோடு நிறுத்தினான்.

"ஆபீசுல குடுத்தத எங்க போய் தேடறது? நெஜமா போனவன் நீ, உனக்கெதுக்குப் பேப்பரு?"

தணிகாசலம் வழக்குப் போட்டார். ரங்கையாவின் கோப்பைப் பாருங்கள் என்று கோர்ட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் வீட்டு அடுப்பு அணையும். அவர் வாயை மூடிக்கொண்டே செத்தார்.

ரங்கையாவும், அவனுக்குப் பின் அந்தப் பென்ஷனை வாங்கிய அவன் மனைவியும் செத்த பிறகுதான் செங்கம்மா எல்லாவற்றையும் மனுவில் எழுதினாள். கோப்பைப் பார்க்க உத்தரவு வந்தது. ஊர் இப்போது திருப்பதி மாவட்டம் என்றாலும் பழைய கோப்பு சித்தூரிலேயே கிடந்தது. ஆபீசில் சிரஞ்சீவி என்ற அதிகாரி அதைப் பிரித்தார். சீட்டு இருந்தது. அப்பாவின் பெயர், ஜெயில் முத்திரை, எல்லாம் அப்படியே. செங்கம்மா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அசலேதாம்மா," என்றார் அவர். "ஆனா இத வச்சி உங்க நைனா பொய் சான்று குடுத்திருக்காரு. நீங்களே எழுதியிருக்கீங்க."

"அத சொன்னாத்தான சார் இது கெடைக்கும்?"

"பொய் சான்று குடுத்தவருக்குத் தகுதி இல்லேன்னுதான் ரிப்போர்ட் போகும்."

"எட்டு மாசம் உள்ள இருந்தது பொய்யா சார்?"

"அது நெஜம். அதையும் எழுதறேன்."

"சீட்டையாவது குடுங்க."

"இது ஆபீசு சொத்தும்மா. செராக்ஸ் எடுத்துக்கோங்க."

சீட்டு மறுபடியும் ரங்கையா பெயர் எழுதிய அட்டைக்குள் போனது. அவர் நாடாவைச் சுற்றினார்.

"இறுக்கமா கட்டுங்க சார்," என்றாள் செங்கம்மா. "எங்க நைனா மறுபடி வெளிய வந்துடப் போறாரு."