சம்பந்தியம்மாவிடம் கேட்ட பாடம்

சேக்காட்டில் ஒரு பௌத்தக் குடும்பத்துக்கு எங்கள் பெண்ணைக் கொடுக்கிறோம். தங்கமான மனிதர்கள்.

ஆனால் என் மனைவி மல்லிகாவுக்கு ஒரே கவலை. "அவுங்க கும்புடுற மொறையே தெரியாம சம்பந்தி ஊட்டுல நான் மரமாட்டம் நிக்கணுமா?"

சரி, பௌத்தம் பற்றி ஒரு புத்தகம் வாங்கலாம் என்று இன்று பூந்தமல்லிக்குக் கிளம்பினோம். மெட்ரோ வேலையில் பஸ் ஊர்ந்தது தனிக் கதை, விடுங்கள். புத்தகக் கடைக்காரர் செங்கல் கனத்தில் ஒன்றை எடுத்து வைத்தார்.

"அண்ணாத்தே, புதுசா கத்துக்கிறவங்களுக்கு ஈஸியா எதுனா கீதா?" என்று கேட்டேன்.

"இதான் நைனா ஈஸி. கஷ்டமானது மூணு பாகம்."

அதை வாங்காமலே திரும்பும்போது, பஸ்ஸில் போனில் புத்தர் பற்றி ஒரு வீடியோ போட்டேன். வாழ்க்கையில் துக்கம் இருக்கிறது, அதுதான் முதல் உண்மை என்றது.

"அது எனக்கே தெரியும். அடுத்ததுக்குத் தள்ளு" என்றாள் மல்லிகா.

அடுத்து வந்ததெல்லாம் வாயில் நுழையாத வார்த்தைகள். அவள் முகம் சுருங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் வெட்கத்தை விட்டுச் சம்பந்தியம்மாவுக்கே போன் போட்டாள்.

"அண்ணி, உங்க புத்தருக்கு இன்னா படைக்கிறதுன்னுகூட எனக்குத் தெரியல."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "நானும் கல்யாணமாயி வந்தப்போ இதத்தான் கேட்டேன். பெரிய படையலெல்லாம் இல்ல அண்ணி. பூ வெச்சிட்டு, கண்ண மூடிக்கினு கொஞ்ச நேரம் சும்மா குந்தணும். ஞாயித்துக்கெழம வாங்க, சேந்து குந்தலாம்."

"சும்மாவா? கல்யாணமான நாள்லேர்ந்து நான் சும்மா குந்துனதேயில்லியே அண்ணி."

"அதான் கஷ்டம். மெதுவா வந்துடும்."

மல்லிகாவுக்கு அப்படியொரு சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை சமையல் என் தலையில்.

சாம்பாரில் புளியை எப்போது ஊற்றுவது? தெரிந்தவர்கள் கீழே சொல்லிவிட்டுப் போங்கள்.