அண்ணாச்சியின் ஜாதகக் கட்டில் என் வேலை

இன்று காலை ஜங்ஷனிலிருந்து பாளையங்கோட்டை போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்கு மாப்பிள்ளை தேடும் தரகர் அண்ணாச்சி.

"ஏ தாயி, உங்க கம்பெனியில வாடகைக்கு எடுத்த சின்ன விமானத்தை எல்லாம் திருப்பிக் குடுக்காங்களாம்லா? பேப்பர்ல போட்டிருக்கான்."

"ஆமா அண்ணாச்சி" என்றேன். அந்தச் சின்ன விமானத்தில்தான் நான் துணை விமானி.

அவர் மடியிலிருந்த மஞ்சள் பையைத் தட்டினார். "அதான், உன் ஜாதகத்தை வேலையில்லாதவங்க கட்டுல வச்சிட்டேன்."

அவரிடம் மூன்று கட்டுகள் உண்டு: சர்க்கார் வேலை, தனியார் வேலை, வேலையில்லாதவர்கள். எந்தக் கட்டில் இருக்கிறோமோ, அதற்கேற்ற வரன்தான் வரும்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"போறது விமானந்தான் அண்ணாச்சி, நான் இல்ல. பதிலுக்குப் பெரிய ஜெட் வருது. சீனியாரிட்டிப்படி பயிற்சிக்கு எடுக்காங்க. முதல் லிஸ்ட்லயே என் பேரு இருக்கு."

"பொறவு?"

"பொறவு என்ன, கொஞ்ச வருசத்துல கேப்டன்."

பஸ் ஆற்றுப்பாலம் தாண்டுவதற்குள் அண்ணாச்சி கட்டைப் பிரித்து என் ஜாதகத்தை உருவிவிட்டார். தனியார் கட்டில் வைக்கப் போனவர், கையை நிறுத்தி யோசித்தார்.

"இதுல உனக்குத் தோதா ஒருத்தனும் இல்லியே தாயி" என்றார். பிறகு அதை மட்டும் தனியாக மடித்து, நூல் சுற்றிப் பையில் வைத்தார்.

ஆகவே நண்பர்களே, நாலாவது கட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். விமானம் ஓட்டும் பையன் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

சீனியாரிட்டியில் எனக்குக் கீழே இருந்தாலும் பரவாயில்லை. வீட்டில் சண்டை வராது.