வண்ணத்துக்கு நல்ல தண்ணீர்

ஏழாவதோடு படிப்பை விட்டவன் நான். பல ஊர்களில் பல வேலை பார்த்தேன். எதிலும் நிலைக்கவில்லை. மெட்ராசில் விளம்பரப் படம் வரையும் கடை ஒன்றில் ஏர்பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பேனாவைப் போலக் கையில் பிடிக்கிற சின்னக் கருவி. காற்றின் வேகத்தில் வண்ணத்தைப் புகையாகத் தூவும். அந்தக் கடையை மூடியபோது அது என்னோடு வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அதைத் தூக்கிக்கொண்டு, பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மணல்திட்டில் இருந்த ஒரு குப்பத்துக்குப் போனேன். அங்கே ஒருவர் கல்யாண முருங்கைக் கட்டையில் சாண் நீளத்துக்குப் படகுகள் செதுக்கிக்கொண்டிருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோகும் மெட்ராஸ் கடை ஒன்றில் அவற்றை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். பிரஷ் இழுத்த கோடு தெரியக் கூடாது என்பது கடைக்காரரின் நிபந்தனை. அதற்குத்தான் நான்.

அவர் ஆசைக்குச் செதுக்கவில்லை. அவருக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது. முந்தின மழைக்காலத்தில் வலை இழுக்கும்போது ஏரிக்குள் விழுந்துவிட்டார். தம்பி முடியைப் பிடித்துத் தூக்கியிருக்கிறான். அந்தக் குப்பத்தில் முறை வைத்துத்தான் ஏரியில் வலை போடுவார்கள். அதற்குப் பாடு என்று பெயர். முறை வரும்போது வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும். போகாத வீட்டுக்குப் பங்கு கிடையாது. தம்பி தனி வீடு, அவன் பங்கு தனி. கடைக்காரர் படகுகளை எடுத்துக்கொண்டால் அவர் தண்ணீரில் இறங்காமல் பிழைக்கலாம். எடுக்காவிட்டால் இறங்கியாக வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை.

லாரி டியூபில் காற்றடித்து, அதிலிருந்து ரப்பர் குழாய் இழுத்து ஏர்பிரஷில் மாட்டினேன். வண்ணம் அக்ரிலிக். எனாமலைப் போல டர்பன்டைன் கேட்காது, தண்ணீரிலேயே கரையும். ஆனால் கரைக்கிற பக்குவம் வேண்டும். கெட்டியாக இருந்தால் முனையை அடைத்துக்கொண்டு துப்பும். நீர்த்துவிட்டால் கட்டையில் நிற்காமல் சிலந்திக் கால் போல ஓடும். கண்ணாடி டம்ளரின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டால் அது பால் மாதிரி வழிந்து, பின்னால் மெல்லிய படலத்தை விட்டுப்போக வேண்டும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டுவேன். சித்திரை வெயிலில் முனையிலேயே காய்ந்துவிடாமல் இருக்க ஒரு சொட்டு கிளிசரின் சேர்ப்பேன். மணல் பறந்து ஒட்டாதபடி வாசலில் ஈரச் சாக்கு தொங்கும்.

கரைக்க நல்ல தண்ணீர்தான் ஆகும். குப்பத்துக் கைபம்பில் வந்தது உப்புத் தண்ணீர். மணலில் தோண்டும் ஊற்றும் கோடையில் கரிக்க ஆரம்பித்துவிடும். குடிக்கிற தண்ணீர் அக்கரையிலிருந்து குடங்களில் படகேறி வந்தது. அதில் தினமும் எனக்கு ஒரு பாட்டில். அவர் மனைவி இடுப்பில் கைப்பிள்ளையோடு ஊற்றி வைப்பாள். "கட்டைக்கு இன்னாத்துக்குண்ணா இவ்ளோ தாகம்?" என்று ஒருநாள் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் முடிந்து கடைசியில் அடிப்பாகத்துக்குக் கறுப்பு அடித்தேன். அன்றைக்கு முனை அடிக்கடி அடைத்துக்கொண்டது. வடிகட்டிய துணியில் குருணை தங்கியது. வெயிலால் என்று நினைத்து, மறுபடி வடிகட்டி அடித்து முடித்தேன். காய்ந்தபோது படகுகள் நன்றாகத்தான் இருந்தன. அவர் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை பட்ட தடமே இல்ல நைனா. தானா மொளச்ச மாதிரி கீது" என்றார். அவர் அப்படிச் சந்தோஷமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

கடைக்காரர் வரச்சொன்ன நாள்வரை படகுகளை வைக்கோல் சுற்றிச் சாக்கில் வைத்திருந்தோம். கடல்காற்று நசநசவென்று வீசிக்கொண்டிருந்தது. அக்கரைக்குப் படகு, பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில் என்று மெட்ராஸ் போய்ச் சேர்ந்து, கடை மேசையில் வைக்கோலைப் பிரித்தோம். கறுப்பு முழுக்க வெள்ளை பூத்திருந்தது. கடைக்காரர் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். சாம்பலை இழுத்த மாதிரி ஆனது. கப்பலில் போக வேண்டிய சரக்கு, இங்கேயே இப்படி என்றால் அங்கே போய் எப்படி இருக்கும் என்று கேட்டார். கோபப்படவில்லை, எங்களுக்கு டீ வரவழைத்தார். வேறு கறுப்பு அடித்துக் கொண்டுவருகிறோம் என்றேன். அதுவரை காத்திருக்க முடியாது, வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

திரும்பும்போது ரயிலில் ஒரு படகை எடுத்து, விரலால் தேய்த்து நாக்கில் வைத்தேன்.

"உப்பு" என்றேன்.

"பம்புத் தண்ணி" என்றார் அவர்.

சாக்கு திரும்பி வந்ததைப் பார்த்ததுமே அவர் மனைவிக்குப் புரிந்துவிட்டது. யாரும் கேட்குமுன் அவளே சொன்னாள். "கறுப்பு அடிச்ச அன்னிக்குப் புள்ளைக்கு வயித்தால போய்னே இருந்துச்சு. கொடத்துல கொஞ்சம்தான் கெடந்துது. வாய்க்கு ஊத்துறதா, கட்டைக்கு ஊத்துறதா?"

அவர் சாக்கை மூலையில் வைத்தார். "புள்ளைக்குத்தான் ஊத்தணும்" என்றார்.

சொல்லியிருந்தால் தண்ணீர்ப் படகு வரும்வரை காத்திருந்திருப்பேனே என்று எனக்கு வாய்வரை வந்தது. பிள்ளை அப்போதும் துவண்டுபோய்த்தான் கிடந்தது.

அந்த வாரமே அவர்கள் பாடு வந்தது. விடிந்ததும் தம்பி படகைத் தயார் செய்தான். அவள் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தாள். ஒரு முனையை அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையைப் படகின் குறுக்குப்பலகையில் கட்டச் சொன்னாள். நீளத்தில்தான் தகராறு.

"அண்ணியை வுட்டா வூட்டுத் தூணுலியே கட்டிடுவாங்க" என்றான் தம்பி.

"சின்னதா கட்டு" என்றாள் அவள். "விளிம்புக்கு எட்டுனா தண்ணிக்கும் எட்டும்."

"விளிம்புக்கு எட்டலன்னா வலையை எப்டி இழுக்கிறது?" என்றார் அவர்.

அவள் கயிற்றைக் கைக்குள் இழுத்துச் சுருக்கினாள். அவர் குனிந்து, கொஞ்சம் கொஞ்சமாக அதை அவள் கையிலிருந்து விடுவித்தார். கடைசியில் அவர் சொன்ன நீளத்துக்கே கட்டினார்கள். அதற்குக் குறைந்தால் வலை வராது.