மூணு பேரா மலை ஏறக்கூடாது

பச்சியப்பன் சென்ட்ரிங் வேலைக்காரன். நல்லம்பள்ளி சுத்துவட்டாரத்துல எத்தனையோ வூட்டு மாடிக்கு நானும் அவனும் இன்னாசியும் கலைமணியும்தான் பலகை அடிச்சோம். எந்த மாடியில நின்னாலும் எதிர்ல வத்தல்மலை. "ஒரு நாளைக்கு நடந்தே ஏறணும்டா" என்பான் பச்சியப்பன். இருபத்தஞ்சு வருசமா ஏறல.

போன வருசம் அவன் பொண்டாட்டி செத்துப்போச்சு. இப்ப ஓசூர்ல இருக்கிற மகன், ஒரு அபார்ட்மெண்டுல வாட்ச்மேன் வேலை பார்த்துவெச்சுட்டு வரச்சொல்லிட்டான். திங்கக்கிழமை கிளம்பணும். ஞாயித்துக்கிழமை நாலு பேரும் மலைக்குப் போறதுன்னு பச்சியப்பன் ஏற்பாடு பண்ணினான். தார் ரோடு வேணாம், பழைய ஒத்தையடிப் பாதைதான். ஆறு மணிக்கு அடிவாரத்து டீக்கடை. சோறு அவனே கட்டிட்டு வருவான். பொண்டாட்டி போனதுக்கப்புறம் அவன் அத்தனை பேச்சு பேசி நான் பார்க்கல.

சனிக்கிழமை இன்னாசி கழண்டுக்கிட்டான். பேத்திக்குக் காய்ச்சலாம்.

"மூணு பேராப் போனா விளங்காதுடா," என்றான் கலைமணி.

"ஒரு கல்லை எடுத்துப் பையில போட்டுக்கலாம். அது நாலாவது ஆளு. உன்னைவிட நல்லாவே ஏறும்," என்றான் பச்சியப்பன்.

சிரிச்சோம். ஆனா எனக்கு உறுத்தல். ஊரை விட்டுப் போறவனுக்கு வழியில ஏதாவது ஆச்சுன்னா? நான் ஒதுங்கிக்கிட்டா அவங்க ரெண்டு பேரு, வம்பில்லை. சாயங்காலம் போன் பண்ணி, முழங்கால் வலின்னேன். "சரிடா"ன்னு வெச்சுட்டான்.

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குக் கறிக்கடையில கலைமணி நிக்கிறான்.

"நீ போகலையா?" என்றேன்.

"நீ போவேன்னுதானே நான் வரலைன்னு சொன்னேன். மூணு பேரு ஆகாதேன்னு."

பச்சியப்பன் அவனுக்கும் "சரிடா"ன்னுதான் சொல்லியிருக்கான். ரெண்டு பேர்கிட்டயும் அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல.

வண்டியை எடுத்துக்கிட்டு அடிவாரத்துக்கு ஓடினேன். பச்சியப்பன் இறங்கி வந்துட்டிருந்தான், தனியா.

"மேல வரைக்கும் போனியா?"

"பாதி போனேன். அங்கே ஒரு பாறை. நம்ம போட்ட மாடியெல்லாம் தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன்டா திரும்பிட்ட?"

"மேல போயி யாருகிட்ட பேசறது?" பையில சோத்துப் பொட்டலம் நாலும் பிரிக்காம இருந்துச்சு. "முழங்கால் எப்படி இருக்கு?" என்றான்.

வண்டியில ஏறச்சொன்னேன். ஏறினான். வூட்டுல இறக்கிவிட்டேன்.

திங்கக்கிழமை தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு மூணு பேரும் போயிருந்தோம். "ஒரு நாளைக்கு ஓசூருக்கு வர்றோம்டா" என்றான் இன்னாசி.

"வாங்கடா."

ஓசூர்ல எந்த இடம்னு எங்கள்ல ஒருத்தனும் கேக்கல. அவனும் சொல்லல. பஸ் கிளம்பிடுச்சு.