ராவுத்தர் மோந்து பார்த்து வாங்கிய மட்டைகள்

பழநி முருகன் மேல் ஆணை, என் ரெண்டு கண்ணின் மேல் ஆணை, இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. விளையாட்டுச் சாமான் கடையில் நிற்கிறவனுக்கு விளையாடத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தவனைப் போல நிற்கத் தெரிந்தால் போதும். நின்று நின்றே கால் வீங்கிய என் இனத்தவர்களே, உங்களுக்குப் புரியும். ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல் மணிக்கூண்டுப் பக்கம் சூசை முதலாளியின் கடையில் நான் சேல்ஸ்மேன். மலையடிவாரத்திலிருந்து மதுரை வரைக்கும் கோல்ஃப் மட்டை விற்ற ஒரே ஆள் அடியேன்தான். மறுக்கிறவர் முன்னால் வரட்டும்.

கடலைக்குக் களை

கொடைக்கானலில் எஸ்டேட் வைத்திருந்த துரை ஒருவர் சீமைக்குக் கிளம்பினார். அவர் வீட்டுச் சாமான் ஏலத்தில் டென்னிஸ் வலை எடுக்கப் போன முதலாளி, நாலு பை நிறைய கோல்ஃப் மட்டைகளை எடுத்துவிட்டார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. கூடப் போயிருந்த நான் சும்மா இருப்பேனா? துரையின் பட்லரை ஓரங்கட்டி, ஒரு டீ ஆறுவதற்குள் முழு வித்தையையும் கறந்துவிட்டேன். தலை பெருத்த மர மட்டை தூரத்துக்கு. இரும்பு மட்டை பக்கத்துக்கு. அதன் முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு உசரமாகப் பந்து எழும்பும். முகம் நிமிர்ந்த குட்டி மட்டை, குழிக்குள் உருட்டிவிட. அவ்வளவுதான் கோல்ஃப்.

எல்லாவற்றையும் கடை வாசலில் சாய்த்து வைத்தோம். மகனுக்குக் கால்பந்து வாங்க எரியோடு கிராமத்திலிருந்து வந்த விவசாயி ஒருவர், சாய்ந்த முகமுள்ள இரும்பு மட்டை ஒன்றை எடுத்து வாசல் மண்ணில் ரெண்டு கொத்து கொத்திப் பார்த்தார். நான் விடாமல் விளையாட்டை விளக்கினேன். முழுசும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "எல்லாஞ் சரி அப்பு, பந்தை அடிக்கிற நேரம் போக மிச்ச நேரம் இதை வச்சுக் கடலைக்குக் களை வெட்டலாம்ல?"

மூக்குதான் நடுவர்

தோல் பதனிடும் இடத்தை எங்கள் ஊரில் தோல்ஷாப்பு என்போம். அப்படி ஒரு தோல்ஷாப்பின் முதலாளி ராவுத்தர் ஒருநாள் வேர்க்க விறுவிறுக்கக் கடைக்குள் வந்தார். சீமைக்குத் தோல் அனுப்பும் கம்பெனி ஒன்று, இனிமேல் திண்டுக்கல்லில் ஒரே ஒரு தோல்ஷாப்பில்தான் சரக்கு எடுப்பது என்று முடிவு செய்திருந்ததாம். அதன் ஏஜென்ட் துரை, "அடுத்த மாசம் மலைக்கு வாரும், கோல்ஃப் ஆடிக்கொண்டே பேசலாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். போகாவிட்டால் மரியாதைக் குறைவு. போய் ஆட்டம் சிரிப்பாய்ச் சிரித்தால் ஆர்டர் பக்கத்து ஷாப்புக்குப் போய்விடும். "ஏலே தம்பி, இந்த மட்டையில எனக்கு எதெது வேணும்னு நீயே பொறுக்கிக் குடு. எம் மானம் உங் கையில இருக்கு" என்றார்.

அன்றைக்கு நான் செய்த வேலையை இன்றைக்கு நினைத்தாலும் மீசை தானாக நிமிர்கிறது. ஆளை நேராக நிறுத்திக் கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரை வரைக்கும் நூல் பிடித்து அளந்தேன். மம்பட்டிக் காம்புக்கு ஆள் உசரம் பார்ப்பதில்லையா, அதே கணக்குத்தான். "முழு செட்டுன்னா பதினாலு மட்டை, புதுசா ஆடுறவுகளுக்கு அம்புட்டும் எதுக்குங்க? ஏழு போதும். மரத்துல ரெண்டு, இரும்புல நாலு, உருட்ட ஒண்ணு" என்று உசரத்துக்குப் பொருத்தமானதாய் எடுத்து வைத்தேன்.

அவரோ மட்டையின் தலைப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. பிடியில் சுற்றியிருந்த தோலை நகத்தால் கீறினார், மூக்கில் வைத்து மோந்தார், நாக்கு நுனியில்கூட வைத்தார். முகம் சுருங்கியது. ஏழையும் மேஜையில் போட்டுவிட்டுச் சொன்னார்: "மட்டை நீ சொன்னதே இருக்கட்டும். ஆனா, இம்புட்டு மட்டமான தோலைக் கையில புடிச்சுக்கிட்டு நான் எந்தத் துரை முன்னாடியும் போயி நிக்க மாட்டேன்."

குளத்தில் தூர் வாரியது

மறுநாளே ஏழு மட்டைக்கும் பழைய தோலை உரித்தெறிந்தார். ஆவாரம்பட்டையில் பதம் பண்ணிய தன் சொந்த ஆட்டுத்தோலை வார் வாராக வெட்டி, வழவழப்பான பக்கம் உள்ளேயும் சொரசொரப்பான பக்கம் வெளியேயும் வரும்படி சுற்றினார். அப்படிச் சுற்றக்கூடாது என்றேன். தோல் விஷயத்தில் வாயைத் திறக்காதே என்றார்.

பயிற்சி, ஊருக்கு மேற்கே வற்றிக் கிடந்த குளத்தில். கற்றுக்கொடுத்தவன், வேறு யார், நான்தான். ராவுத்தர் ஓங்கி அடிப்பார். பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு கூடை மண் மட்டும் பறக்கும். ஒரு வாரத்தில் முழங்கால் ஆழம் பள்ளம் விழுந்தது. பத்தாம் நாள் குளத்துப் பாசனக்காரர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். மண்ணைக் கெடுத்ததற்குச் சண்டைக்கு வருகிறார் என்று நான் மட்டைப் பைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்: "ஐயாவை அந்த மடைப் பக்கமா செத்த நேரம் ஆடச் சொல்லுங்கப்பா, அங்கதான் வண்டல் மேடேறிக் கெடக்கு."

மலையில் மழை

குறித்த நாளில் பையைத் தூக்கிக்கொண்டு நானும் மலையேறினேன். ஏஜென்ட் துரை ஆறடி உசரம். தோல் மண்டிகளில் புழங்கிப் புழங்கி நன்றாகத் தமிழ் பேசுவார். முதல் குழியிலேயே அவர் பந்து குழியடியில் போய் நின்றது; எங்கள் பந்து என் காலடியில் நின்றது. ரெண்டாவது குழியிலும் அதே கதை. துரை மீசைக்குள் சிரித்தார். ராவுத்தர் என் காதுப் பக்கம் குனிந்தார். "சரக்கு போச்சுடா தம்பி" என்று முணுமுணுத்தார்.

அப்போதுதான் மழை பிடித்தது. துரை ஓங்கி வீசினார். ஈரத்தில் பிடி வழுக்கி, மட்டை பறந்து போய் யூகலிப்டஸ் மரக்கிளையில் உட்கார்ந்தது. அடுத்ததை எடுத்தார்; அது ஓடைக்குள் போனது. மூன்றாவது என் காதை உரசிக்கொண்டு எங்கே போனதென்று இன்றுவரை தகவல் இல்லை. ராவுத்தரோ அதே மழையில் மண்ணைத் தோண்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் மட்டை கையைவிட்டு ஒரு நூல் அசையவில்லை. நனைய நனைய அந்தச் சொரசொரப்பு உள்ளங்கையைக் கவ்விக்கொண்டது.

துரை வந்து ராவுத்தர் கையிலிருந்த மட்டையை வாங்கினார். பிடியை அமுக்கினார், முறுக்கினார். பிறகு, நான் கண்ணால் கண்டது, மூக்கில் வைத்து மோந்தார். மிச்ச ஆட்டம் முழுவதும் எங்கள் ஏழு மட்டையால்தான் ரெண்டு பேரும் ஆடினார்கள். கடைசிக் குழி முடிந்ததும் துரை ராவுத்தரின் தோளில் கை போட்டுச் சொன்னார்: "பந்து அடிக்க உமக்குத் தெரியாது ராவுத்தர், தோல் பதம் பண்ண மத்தவனுக்குத் தெரியாது, சரக்கு உம்ம ஷாப்புலதான் எடுப்பேன், இந்த மட்டையைத் திருப்பித் தர மாட்டேன்."

ஆக, ஆடத் தெரியாதவன் பொறுக்கிக் கொடுத்து, ஆடத் தெரியாதவர் வாங்கிய மட்டைகளால்தான் திண்டுக்கல் தோல் கப்பலேறியது; இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது நான் என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள், ஏனென்றால் ராவுத்தர் வீட்டில் இதே கதையைச் சொல்லும்போது நான் வெறும் பை தூக்கியவன்.